முப்பத்தொன்றாம் நாளும் ஓர் அரையிறுதியும்

விசா என் கைக்கு வந்தபோது தம்பி இறந்து இருபத்தாறு நாளாகியிருந்தது. தாமதத்துக்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. சுவிஸிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தின் மூலப்பிரதியை உரும்பிராய் வீட்டு மேசையில் விட்டுவிட்டு, நகலோடு கொழும்புக்குப் போனவள் நான்தான். முப்பத்துமூன்று வருடம் தபால் கந்தோரில் ஊராரின் கடிதங்களை உரிய இடத்துக்கு அனுப்பிய எனக்கு, என்னுடைய ஒரு கடிதத்தைக் கைப்பையில் வைக்கத் தெரியவில்லை. அதனால் செத்தவீட்டுக்கும் போகவில்லை, எட்டாம் நாள் சடங்குக்கும் போகவில்லை.

சிவநேசன் எனக்கு ஆறு வயது இளையவன். சுவிஸுக்குப் போய் முப்பது வருடம். போர் முடிந்த பிறகு இரண்டு தடவை ஊருக்கு வந்து போனான். ஊஸ்டர் என்ற ஊரில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிட்டவன், சப்பாத்து நாடா கட்டக் குனிந்தான், பிறகு நிமிரவில்லை. மனைவி வதனா, ஒரே மகள் ஆரணி. கல்யாணம் கட்டாமல் இருந்துவிட்ட எனக்கு நெருங்கிய இரத்த உறவென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

எங்களில் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி செய்வார்கள். அதுவரை வீட்டுக்குத் துடக்கு. தமிழ்நாட்டில் தீட்டு என்பார்கள். கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, வருகிறவர்கள் அந்த வீட்டில் தண்ணீரும் குடிப்பதில்லை. அந்த முப்பத்தொன்று ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. நான் புதன்கிழமைதான் போய் இறங்கலாம். "நீங்கள் இல்லாமல் செய்யமாட்டம் மச்சாள்" என்று வதனா தொலைபேசியில் அழுது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள். வேலைக்குப் போகிற சனத்துக்கும் அன்றுதான் வசதி, மண்டபமும் அன்றுதான் கிடைத்தது. ஆனாலும் எனக்காகத்தான் தள்ளினார்கள் என்பதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

புதன்கிழமை காலை சூரிச்சில் இறங்கினேன். ஆரணி தனியாக வந்திருந்தாள். இருபத்துமூன்று வயது. மருந்துக்கடையில் வேலை பழகுகிறாள். தம்பியின் அதே நீண்ட கை, அதே அகன்ற உள்ளங்கை. என் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினாள். "மாமி, குளிருதோ?" என்று கேட்டாள். குளிரவில்லை என்றேன். பல் கிட்டிக்கொண்டது. சித்திரை மாதத்தில் இந்தக் குளிர் என்றால் மார்கழியில் இந்த மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று யோசித்தேன்.

ரயில் பெட்டி நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் ஊரில் செத்தவீட்டிலும் இவ்வளவு அமைதி கிடையாது. வெளியே கடுகுப் பூ மாதிரி மஞ்சள் வயல்கள் வந்து போயின. அழுவதற்கென்று பன்னிரண்டு மணி நேரம் ஆகாயத்தில் சேர்த்துக்கொண்டு வந்தவள், அந்தப் பெட்டியில் அழுதால் யாருக்கும் தொந்தரவாகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக் கதவடியில் வதனாவைக் கட்டிப் பிடித்த பிறகுதான் அது வெளியே வந்தது.

மறுநாள் வியாழன். அந்தக் கட்டடத்தில் எட்டுக் குடும்பத்துக்கும் நிலக்கீழில் ஒரே சலவை அறை. ஆளுக்கொரு நாள் என்று அட்டை தொங்குகிறது. எங்கள் முறை இரண்டு கிழமைக்கு ஒருதரம்தான் வரும். செத்தவீட்டுத் துணி அடுத்த முறைவரை கிடக்கக் கூடாதே என்று வதனா தவித்தபோது, கீழ்வீட்டு வயோதிபப் பெண் அட்டையில் தன் பெயரை வெட்டிவிட்டு எங்கள் பெயரை எழுதினாளாம். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இந்த நாட்டில் துக்கம் விசாரிப்பது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று முழுக்க எங்கள் சனம் வந்து போனது. பேர்ண் நகரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் கதிரை நுனியில் இருந்து, அவன் நல்லவன் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று போனார்கள். வழமை அதுதான். நானும் ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்படி எழும்பி வந்தவள்தான். வீட்டுக்குள் இருந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு தனிமை என்று தெரிகிறது.

மத்தியானம் பருப்பும் கீரையும் சோறும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, சமையலறைச் சுவரில் நாட்காட்டியைப் பார்த்தேன். சிவப்பில் தம்பியின் வேலை நேரங்கள். பச்சையில் சில சனிக்கிழமைகள், அவனுடைய கோணல் எழுத்தில் 'ஆரணி, கப்'. அதில் ஒன்றை வெட்டி, இந்தச் சனிக்கிழமைக்கு மாற்றி எழுதியிருந்தது. இது வேறு எழுத்து.

"இது என்ன பிள்ளை?"

"கப் மாமி. இந்த வட்டாரத்துப் பொம்பிளையள் டீமுக்குள்ளை நடக்கிறது. தோத்தால் வெளியாலை. நாங்கள் செமிஃபைனல் வரைக்கும் வந்திட்டம்."

அவள் உதைபந்து விளையாடுகிறாள் என்று தெரியும். தம்பி படம் அனுப்புவான். ஊரில் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். கோல் காக்கிறவள் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த அரையிறுதி தம்பி இறந்த பதினான்காம் நாள் நடந்திருக்க வேண்டியது. கோல் காக்கிற மற்றப் பெண்ணுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, இவளை விட்டால் ஆளில்லை. இவளுடைய கழகம் மற்றக் கழகத்திடம் திகதியை மாற்றித்தரக் கேட்டிருக்கிறது. அது மலைப்பக்கத்து ஒரு சின்ன ஊர்க் கழகம். முடியாது என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு லாபம். அவர்கள் சம்மதித்துவிட்டு, எந்த நாள் வசதி என்று கேட்டிருக்கிறார்கள்.

"முப்பத்தொண்டு முடிஞ்சால் போகலாம் எண்டு அம்மா சொன்னவ. நான் எண்ணிப் பாத்தனான். செவ்வாய்க்கிழமை முடியுது. அதுதான் சனிக்கிழமை எண்டு குடுத்தனான்."

எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. அவள் திகதி கொடுத்தபோது என் விசா இவ்வளவு இழுபடும் என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகுதான் அந்தியேட்டி ஞாயிறுக்குப் போயிருக்கிறது. சனிக்கிழமை, துடக்குக்குள் வந்து விழுந்துவிட்டது.

"திருப்பி மாத்த ஏலாதோ?"

"ஒருக்காத்தான் கேக்கலாம் மாமி" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, காற்றில் சிவந்த முகம். ஆரணியின் பயிற்சியாளர் பிரிஜிட். கையில் துணி சுற்றிய ஒரு பாண். தலைமயிர் பின்னுவது மாதிரிப் பின்னிச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே அதைச் சாப்பிடுவார்களாம். என்ன வேலை என்று கேட்டேன். மஞ்சள் ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கிறவள் என்று ஆரணி மொழிபெயர்த்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

வதனா மரியாதைக்குத் தேத்தண்ணி வைத்தாள். எப்படியும் வேண்டாம் என்பார்கள் என்ற பழக்கத்தில், ஊற்றாமலே நின்றாள். பிரிஜிட் கோப்பையை நீட்டினாள். குடித்தாள். தான் கொண்டுவந்த பாணை வெட்டி, வெண்ணெய் பூசி, எங்களுக்கும் தந்து, தானும் சாப்பிட்டாள். முப்பத்துநான்கு நாளில் அந்த வீட்டில் எங்களோடு இருந்து சாப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அவளுக்கு வழமை தெரியாது. தெரிந்திருந்தாலும் சாப்பிட்டிருப்பாள் என்றுதான் எனக்குப் பட்டது. வதனா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

ஆரணியைக் கேட்டுப் பிடுங்க வந்திருக்கிறாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் அதற்கு வரவில்லை.

"ஆரணி வர முடியாவிட்டால் பின்வரிசைப் பெண் ஒருத்தி கோலில் நிற்பாள். அது எங்கள் பிரச்சினை" என்றாள். "நான் வேறொன்று கேட்க வந்தேன். ஆட்டத்துக்கு முன் சிவநேசனுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்கப்போகிறோம். எட்டு வருடம் அவர் மழையிலும் எங்கள் கோலுக்குப் பின்னால் நின்றவர். கோட்டில் நிற்கிற நடுவருக்கும் தன் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் கொடுத்தவர். உங்கள் வழக்கத்தில் அது பிழையாகுமோ? பூ வைக்கலாமோ? என்ன நிறம்?"

இதையெல்லாம் ஆரணிதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. 'கோலுக்குப் பின்னாலை நிண்டவர்' என்ற இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னாள்.

பூ வெள்ளையாக இருக்கட்டும் என்றேன். நிற்பதில் ஒரு பிழையும் இல்லை என்றும் சொன்னேன்.

பிரிஜிட் போனதும் வதனா சொன்னாள்: "வடிவான மனிசிதான். எண்டாலும் ஆரணி போகக் கூடாது. துடக்கோடை பந்தடிக்கப் போனவள் எண்டு சனம் காலத்துக்கும் கதைக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். ஊரிலிருந்து வந்தவள், மூத்தவள், என் சொல்தான் தீர்ப்பு. "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் துடக்குத்தான்" என்றேன்.

ஆரணி மேசையில் கிடந்த பாண் துணுக்குகளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். "மாமி, ஒண்டு கேக்கட்டே?" என்றாள். "துடக்கு எனக்கு. கிரியை கஜன் அண்ணாக்கோ?"

இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், உரிமைக்காரர் தர்ப்பையைக் கையில் கொடுத்து இன்னொரு ஆண் உறவினரைக் கிரியை செய்யச் சொல்வது எங்கள் வழக்கம். கஜன் தம்பிக்குப் பெறாமகன் முறை, ஒன்றுவிட்ட அண்ணனின் மகன். பாசல் நகரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. நல்ல பிள்ளை. செத்தவீட்டில் ஆரணியின் கையால் தர்ப்பை வாங்கி அவன்தான் எல்லாம் செய்தான். ஞாயிற்றுக்கிழமையும் அவன்தான்.

"அதுதான் வழமை பிள்ளை" என்றேன்.

"ஓம் மாமி" என்று சொல்லி, துணுக்குகளைக் குப்பையில் போட்டுவிட்டு அறைக்குள் போனாள். என்னோடு வாதாடவில்லை. பயிற்சியாளருக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டதாகப் பிறகு வதனா சொன்னாள்.

சனிக்கிழமை விடியத் தேத்தண்ணியோடு அந்த நாட்காட்டிக்கு முன்னால் நின்றேன். செத்த ஞாயிற்றுக்கிழமையை ஒன்று என்று வைத்து விரலை வைத்து எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். முப்பத்தொன்று செவ்வாய்தான். புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாம் நான் மறந்த ஒரு கடிதத்தின் நாட்கள். முன்பின் தெரியாத மலையூர்ப் பெண்கள் தங்கள் லாபத்தை விட்டு இந்தப் பிள்ளைக்கு ஒரு நாளைக் கொடுத்தார்கள். நான் வந்து அதைப் பறித்துக்கொண்டேன். ஐயரைத் தொலைபேசியில் கேட்கலாம் என்று யோசித்தேன். கேட்டால் கூடாது என்பார். சொன்னபின் மீறுவது மரியாதையில்லை. ஆகவே கேட்கவில்லை.

அறைக் கதவைத் தட்டினேன்.

"பிள்ளை, துடக்குச் செவ்வாய்க்கிழமையோடை முடிஞ்சுது. மிச்சம் நான் கொண்டந்தது. வெளிக்கிடு."

ஆரணி கட்டிலில் எழும்பி இருந்து, "அம்மா?" என்றாள்.

"அம்மாவை நான் பாக்கிறன். சனம் கேட்டால் மாமிதான் அனுப்பினவ எண்டு சொல்லு. மூண்டு கிழமையிலை நான் போயிடுவன். அங்கை வந்து என்னைக் கேக்கட்டும்."

ஆரணி திரும்பச் செய்தி அனுப்பினாள், பத்து மணிக்குப் பிரிஜிட்டின் கார் வந்தது. வதனா அறையை விட்டு வெளியே வரவில்லை. கார் போன பிறகு வந்து, எனக்கு எதிரே இருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று இருந்தேன்.

"இண்டைக்கு அவளுக்குப் பின்னாலை ஒருத்தரும் நிக்க மாட்டினம்" என்றாள்.

அவள் போக முடியாது. புருஷனை இழந்தவள், அந்தியேட்டி முடியும் முன் வாசற்படி தாண்டுகிற துணிவு அவளுக்கு இல்லை. அதை அவளிடம் கேட்பதும் நியாயமில்லை. "நீர் வழியை எழுதித் தாரும்" என்றேன். ஒரு தாளில் எழுதினாள். வெட்சிக்கோன் என்ற ஊரில் இறங்கி மலைக்குப் போகிற பஸ் எடுக்க வேண்டும். இரண்டரைக்கு ஆட்டம். ஒரு மணிக்கே வெளிக்கிட்டேன்.

வெட்சிக்கோனில் ரயில் நின்றது. நான் பெட்டியின் கடைசிக் கதவடியில் பையோடு தயாராக நின்றேன். கதவு திறக்கவில்லை. திறக்கும் என்று காத்திருந்தேன். எங்கள் ரயில்களில் கதவு மூடுவதே இல்லை, பாதிச் சனம் அதில் தொங்கிக்கொண்டுதான் போகும். இங்கே கதவில் இருக்கிற பொத்தானை நாமே அமர்த்த வேண்டும். புதன்கிழமை அதை ஆரணி அமர்த்தியிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. ரயில் வெளிக்கிட்டது. நான் கண்ணாடியைக் கையால் தட்டினேன். பெட்டியில் இருந்தவர்கள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்த நிலையத்தில் ஒரு வயோதிபர் கூடவே இறங்கி, என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்து, மறுபக்க மேடைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்த ரயிலில் தானும் ஏறினார். வெட்சிக்கோனில் என் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அமர்த்திக் காட்டினார். எங்கேயோ போகவேண்டியவர், எனக்காகத் திரும்பி வந்தார். நன்றி சொல்ல ஒரு சொல்கூட எனக்கு அந்தப் பாஷையில் தெரியவில்லை. கும்பிட்டேன். அவரும் அதே மாதிரி கும்பிட்டார். மலைக்குப் போகிற பஸ் அதற்குள் போய்விட்டது. சனிக்கிழமைகளில் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. மைதானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மாட்டுத் தொழுவம், மறுபக்கம் மரக் கொட்டில், அதில் பொரிக்கிற இறைச்சி வாசனை. நூறு பேர் இருப்பார்கள். கொட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு சாடியில் வெள்ளைப் பூ. இரண்டு அணிப் பெண்களின் கையிலும் கறுப்புப் பட்டி. எதிரணியும் கட்டியிருந்தது. என் தம்பியை ஒரு நாளும் கண்டிராத பெண்கள் அவனுக்காக ஒரு நிமிடம் நின்றிருக்கிறார்கள். அவனோடு ஒரே வயிற்றில் பிறந்த நான் அந்த நேரம் வெட்சிக்கோனில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என்னை நினைத்து எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஆரணியின் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு முன்னால் நின்ற பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். இந்தச் சத்தம் இவளுக்குள் எங்கே இருந்தது என்று திகைத்துப்போனேன். வீட்டில் அவள் பேசியதெல்லாம் முணுமுணுப்புத்தான்.

பக்கத்தில் ஒரு பெரிய தாடிக்காரர் என் சேலையையும் குளிரில் நடுங்குவதையும் பார்த்து, பாணுக்குள் வைத்த இறைச்சியை நீட்டினார். துக்க வீட்டுக்காரி, மச்ச மாமிசம் கூடாது என்று எந்தப் பாஷையில் சொல்வது? தலையை ஆட்டினேன். அவர் யோசித்து, இறைச்சியைத் தானே கடித்துக்கொண்டு, வெறும் பாணைத் தந்தார். அதைச் சாப்பிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் மலையூர்க்காரர், எதிரணித் தலைவியின் தகப்பன்.

எங்கள் பக்கம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று பின்னுக்கு நின்றது. முடிவதற்குச் சற்று முன் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி தலையால் இடித்துச் சமன் செய்தாள். இந்தக் கோப்பையில் மேலதிக நேரம் கிடையாது, நேரே தண்ட உதை. அணிக்கு ஐந்து. நல்லகாலம், ஆரணி நின்ற கோலைத்தான் அதற்கும் தெரிவுசெய்தார்கள். நான் அசையவில்லை.

துடக்கு முடிந்தது என்று காலையில் வாய் கிழியச் சொன்னவள்தான் நான். ஆனால் பிள்ளையாரைக் கூப்பிட நாக்கு எழும்பவில்லை. தம்பியைத்தான் கூப்பிட்டேன். எதிரணியின் மூன்றாவது உதையை ஆரணி பக்கவாட்டில் விழுந்து தட்டிவிட்டாள். எழும்பியவள் வலக்கையை மடியில் பொத்திக்கொண்டு குனிந்தாள். நடுவர் ஓடிவந்தார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கோட்டில் போய் நின்றாள். அதற்குப் பிறகு வந்த இரண்டும் உள்ளே போயின. எங்கள் பக்கம் ஒன்று ஏற்கெனவே வெளியே போயிருந்தது. எங்கள் கடைசி உதை குறுக்குக் கம்பத்தில் பட்டு வானத்துக்குப் போனது. நாலுக்கு மூன்று.

தோற்றுவிட்டோம். தம்பி ஏதாவது செய்திருக்கலாம் என்று எனக்கு அவன்மேல் கோபம் வந்தது.

ஆரணி எல்லோருக்கும் இடக்கையால் கை கொடுத்துவிட்டு வந்து, புல்லில் இருந்து, கொட்டிலில் தந்த பனிக்கட்டி வாளிக்குள் வலக்கையை வைத்தாள். மோதிர விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"தோத்திட்டம் மாமி."

"கண்டனான்."

"அப்பா எண்டால் காரிலை ஏறுற வரைக்கும் ஒண்டும் கேக்க மாட்டார்."

ஆகவே நானும் கேட்கவில்லை. பிரிஜிட்டின் கார் மலையிறங்கத் தொடங்கியதும், பின்னிருக்கையில் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

"நாளைக்குத் தர்ப்பையை நீ போடு."

அவள் என்னைப் பார்த்தாள். "ஏலுமோ?"

"ஏலாது எண்டால் ஐயர் சொல்லட்டும். நாங்கள் ஏன் முந்திச் சொல்லுவான்?"

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊஸ்டர் வரும்வரை தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பிரிஜிட் முன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, காரை மெதுவாக்கினாள். ஆட்டத்தில் தோற்றதற்கு அழுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

வதனாவுக்கு இது பிடிக்கவில்லை. "பந்தடி முடிஞ்சுது, இப்ப இதுவுமோ?" என்று மட்டும் சொன்னாள். ஆரணியின் விரலைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எண்பது பேர். கஜன் வேட்டியோடு வந்து நின்றான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபிப்பான் என்று நினைத்தேன்.

"மாமி, நீங்கள் சொல்லுறது எனக்குப் பெரிய ஆறுதல்" என்றான். "சித்தப்பாவை நான் வருசத்துக்கு ஒருக்காத்தான் கண்டனான். கொள்ளி வைக்கேக்கை அவள் ஓரத்திலை நிண்டு பாத்தவள். எனக்கு அண்டு தொட்டு நித்திரை இல்லை."

ஐயர் முதலில் கையை விரித்தார். "கொடுத்த தர்ப்பையைத் திருப்பி வாங்கினதை நான் கண்டதில்லை அம்மா."

"கண்டதில்லையோ, கூடாதோ ஐயா?" என்றேன். தபால் கந்தோரில் சட்டப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய குரல் எனக்கே கேட்டது. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒருவர், ஊரிலிருந்து வந்தவையே இப்பிடிச் செய்தால், என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

ஐயர் ஆரணியைப் பார்த்தார். "உரித்து அவவின்ரைதான். அவ கொடுத்தபடியால்தான் இவர் செய்தவர்" என்றார். கஜனைப் பார்த்து, "திருப்பிக் குடும்" என்றார். கஜன் தர்ப்பையை இரண்டு கையாலும் ஆரணியிடம் கொடுத்தான்.

ஆரணி பலகையில் இருந்தாள். ஐயர் தர்ப்பையால் முடிந்த பவித்திரத்தை அவள் வலக்கை மோதிர விரலில் மாட்டினார். அது வீங்கின மூட்டில் நின்றுவிட்டது. தள்ளினார். ஏறவில்லை. ஆரணி உதட்டைக் கடித்துக்கொண்டு கையை இழுக்காமல் வைத்திருந்தாள். நேற்று விளையாடப் போன கை என்று எண்பது பேருக்கும் அப்போது தெரிந்துவிட்டது. ஐயர் இன்னொரு தர்ப்பை எடுக்கத் திரும்பினார்.

"பொறுங்கோ ஐயா" என்று வதனா எழும்பி வந்தாள். அன்று காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. விளக்குக்கு வைத்த நல்லெண்ணெய்ப் போத்தலிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாள். மகளுக்கு முன்னால் முழந்தாளிட்டு, இறுகின காப்பைக் கழற்றுகிற பக்குவத்தில், அந்த விரலை அடியிலிருந்து நுனிவரை மெல்ல நீவிவிட்டாள்.

"நோகுதோ?"

"இல்லை அம்மா."

"பொய் சொல்லாதை. அப்பாவை மாதிரி." பவித்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, மூட்டைத் தாண்டி உள்ளே இறக்கினாள். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எழும்பிப் போகாமல் மகளுக்குப் பின்னால் அப்படியே நிலத்தில் இருந்தாள்.

ஐயர் பெயர், நட்சத்திரம், உறவு எல்லாம் கேட்டார். ஆரணி சொன்னாள். அவர் கண்ணை மூடி மந்திரத்தைத் தொடங்கி, நடுவில் ஓர் இடத்தில் நின்றார். எத்தனையோ வருடமாக வாய் பழகிய சொல் அங்கே மகன் என்று வந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து எதிரே இருந்தவளைப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து தொடங்கி, அந்த இடம் வந்ததும், மகள் என்று மாற்றி ஆரணியின் பெயரைச் சொன்னார். வதனா வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். ஆரணி அழவில்லை. ஐயரின் கை அடுத்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்று, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.